அட்டை உண்டு, அறுவைச் சிகிச்சை நிபுணர் எங்கே?

புது தில்லி: ஆயுஷ்மான் பாரத் திட்டம் குறித்து நாடாளுமன்றத்தின் எந்த அவையில் கேள்வி எழுந்தாலும், சுகாதார அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் அமைகிறது. இத்தனை கோடி அட்டைகள் வழங்கப்பட்டுள்ளன. இத்தனை கோடிப் பேர் சிகிச்சை பெற்றுள்ளனர். இத்தனை ஆயிரம் மருத்துவமனைகள் பட்டியலில் இணைந்துள்ளன. அட்டைகளின் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டு இறுதியிலேயே 35 கோடியைத் தாண்டிவிட்டது.

அட்டையை வைத்திருப்பவரின் கேள்வியோ வேறு. "என் வீட்டிலிருந்து எட்டும் தொலைவில், இந்த அட்டையை ஏற்றுக்கொண்டு எனக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் யார்?" என்பதே அது. இக்கேள்விக்கான விடை அவைக் குறிப்புகளில் கிடைப்பதில்லை.

இங்கே பேசப்படுவது இதய மாற்று போன்ற அரிய சிகிச்சைகளைப் பற்றி அல்ல. குடலிறக்கம், குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், மூலம் போன்ற அன்றாட நோய்களைப் பற்றியே. இவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு பொது அறுவைச் சிகிச்சை நிபுணர், ஒரு மயக்க மருந்து நிபுணர், ஓர் அறுவை அரங்கு, சில நாள் படுக்கை. அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் தடுமாறுவது இந்த எளிய இடத்தில்தான்.

மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரிலேயே இந்தத் தடுமாற்றம் காணப்படுகிறது என்பதற்கு நவி மும்பையின் வாஷி ஓர் எடுத்துக்காட்டு.

கழிமுகத்தின் இரு கரைகள்

மும்பைக்கும் வாஷிக்கும் இடையே இருப்பது தாணே கழிமுகம். 1992ஆம் ஆண்டு மே மாதம் மின்சார ரயில் அதைக் கடந்து வாஷிக்கு வந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அடுத்த தலைமுறையில் வாஷி, நெரூல் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. அணுசக்தித் துறையிலும், உரத் தொழிற்சாலையிலும், ரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஒருபுறம். வேளாண் விளைபொருள் சந்தையிலும் தாணே - பேலாப்பூர் தொழிற்பேட்டையிலும் உழைப்பவர்கள் மறுபுறம்.

பாலத்தைக் கடந்தால் மாவட்டம் மாறுகிறது. மாவட்டம் மாறினால் காப்பீடும் மாறும் என்பதை வாஷி மக்கள் ஒருமுறை அனுபவித்திருக்கிறார்கள். ராஜீவ் காந்தி ஜீவன்தாயி ஆரோக்கியத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2012 ஜூலை 2ஆம் தேதி தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 8 மாவட்டங்களே சேர்க்கப்பட்டன. மும்பை நகரம், மும்பை புறநகர், ராய்கட் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. வாஷி அடங்கிய தாணே மாவட்டம் இல்லை.

அதாவது, கழிமுகத்தின் அக்கரையில் மான்குர்தில் குடியிருந்தவருக்குக் காப்பீடு கிடைத்தது. ஒரே ஒரு ரயில் நிலையம் தள்ளி வாஷியில் குடியிருந்தவர், திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட 2013 நவம்பர் 21ஆம் தேதி வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்திட்டம் 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. 2020 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பிரதமர் ஜன ஆரோக்கியத் திட்டத்துடன் இணைத்து நடத்தப்படுகிறது. மஞ்சள், ஆரஞ்சு நிறக் குடும்ப அட்டைதாரர்களை முதன்மையாகக் கொண்டிருந்த இத்திட்டம், 2024 ஜூலை முதல் மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது என்று அறிவிக்கப்பட்டது. ஒன்றரை லட்சம் ரூபாயாக இருந்த காப்பீட்டு வரம்பு 5 லட்சமானது. வெள்ளை அட்டை வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கும் கதவு திறந்தது.

ஆக, காகிதத்தில் இன்று வாஷியில் காப்பீடு இல்லாத குடும்பம் அரிது. அவ்வாறிருந்தும் அறுவைச் சிகிச்சைக்கு அலைச்சல் ஏன்?

மூட்டை சுமப்பவரின் நோய்

வாஷி சந்தையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவருக்குக் குடலிறக்கம் என்று வைத்துக்கொள்வோம். கனமான சுமையைத் தொடர்ந்து தூக்குவோரின் வயிற்றுச் சுவரில் நலிந்த இடம் வழியே குடல் பிதுங்குவது புதிதல்ல. நாள் குறித்துச் செய்தால் இது சிறிய அறுவைச் சிகிச்சை. தள்ளிப்போட்டு, பிதுங்கிய குடல் நெரிபட்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டால், சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். பிறகு குடலின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க வேண்டிய அவசர சிகிச்சையாக அது மாறிவிடும். செலவும் பெருகும், உயிருக்கும் ஆபத்து.

அவர் பதிவு பெற்ற மாத்தாடித் தொழிலாளியாக இருந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் உண்டு. கோபர்கைர்ணேயில் மாத்தாடித் தொழிலாளர்களுக்கான அறக்கட்டளை மருத்துவமனையும் உண்டு. பதிவு பெறாத உதவியாள் என்றால் இரண்டும் இல்லை. அரசுக் காப்பீட்டு அட்டையே கதி.

அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் அவர் மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது முதற்கதவு. பட்டியலில் இருந்தாலும், பொது அறுவைச் சிகிச்சைத் துறை திட்டத்தின் கீழ் அங்கே செயல்பட வேண்டும் என்பது இரண்டாவது. சிறுநீரகத்துக்கோ கண்ணுக்கோ பெயர் பெற்ற மருத்துவமனை பட்டியலில் இருப்பதால், குடலிறக்க நோயாளிக்குப் பயன் இல்லை. அவருக்குத் தேவையான சிகிச்சை, அரசு மருத்துவமனைகளுக்கென ஒதுக்கப்படாததாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

பலரும் அறியாதது இந்த மூன்றாவது கதவே.

ஒதுக்கீட்டின் மறுபக்கம்

சில அறுவைச் சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளில் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஒதுக்கிவைக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. மகாராஷ்டிரத் திட்டத்தில் 2024இல் இருந்த 1,356 சிகிச்சைகளில் 119 இவ்வாறு ஒதுக்கப்பட்டவை. மொத்தப் பட்டியலை 2,399 சிகிச்சைகளாக விரிவாக்க மாநில அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பல்வேறு மாநிலங்கள் ஒதுக்கிய பட்டியல்களில் கருப்பை அகற்றல், கண்புரை, குடலிறக்கம், குடல்வால் போன்ற பரவலான சிகிச்சைகள் இடம்பெற்றதுண்டு.

இதற்கு நியாயமான காரணம் உள்ளது. 2008இல் தொடங்கப்பட்ட தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தின் (ஆண்டுக்கு ரூ.30,000) காலத்தில், காப்பீட்டுத் தொகைக்காகத் தேவையின்றிக் கருப்பை அகற்றும் அறுவைகள் நடந்ததாக 2012இல் சத்தீஸ்கரில் பெரும் சர்ச்சை வெடித்தது. எளிதாகச் செய்யக்கூடிய, எளிதில் மிகைப்படுத்தக்கூடிய சிகிச்சைகளைத் தனியாரிடம் விடக் கூடாது என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைகளுக்கே சென்று அவை வளரட்டும் என்பது மற்றொரு நோக்கம்.

நோக்கம் நல்லது. ஆனால் ஒதுக்கீடு செய்பவர், ஒதுக்கப்பட்ட இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டின் சமுதாய சுகாதார மையங்களில் தேவையான அறுவைச் சிகிச்சை நிபுணர்களில் 83.2 சதவீதம் பேர் பற்றாக்குறை என்று மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டு ஊரக சுகாதாரப் புள்ளிவிவர அறிக்கையே தெரிவித்தது. அது கிராமப்புறக் கணக்கு. ஆனால் அங்கு மருத்துவர் இல்லாதபோது நோயாளி நகருக்குத்தான் வருகிறார். நகர மருத்துவமனையின் வரிசை நீள்கிறது.

வாஷியில் நவி மும்பை மாநகராட்சியின் பொது மருத்துவமனை இருக்கிறது. நவி மும்பை மக்கள் பலர் அதை நம்பியுள்ளனர். வெளியூர் நோயாளிகளும் வருகின்றனர். விபத்தும் பிரசவமும் முந்திக்கொள்ள, "பிறகு செய்துகொள்ளலாம்" என்று கருதப்படும் குடலிறக்கம் பின்னுக்குத் தள்ளப்படுவது எந்த அரசு மருத்துவமனையிலும் இயல்பு. தாராவியிலிருந்து வாஷிக்கு வந்த குடும்பங்களில், இன்றும் குர்லாவில் ரயில் மாறி சயான் லோகமான்ய திலக் மருத்துவமனைக்கே செல்பவர்கள் உண்டு. பழகிய வாசல் அது.

சந்தா செலுத்துவோர் நிலை

தொழிற்பேட்டைத் தொழிலாளியின் நிலை வேறு வகையானது. இ.எஸ்.ஐ. திட்டம் இலவசம் அல்ல. அது அவர் சம்பளத்திலிருந்து பணம் கட்டிப் பெறும் உரிமை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய அத்திட்டம், இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துள்ளது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதமாகவும், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன.

வாஷியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. மாநில அரசு நடத்த, செலவின் பெரும்பகுதியை மத்திய அரசின் கீழுள்ள தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் ஏற்கும் ஏற்பாடு இது. இதய அறுவை, புற்றுநோய் போன்ற உயர் சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளப்படுகிறது. பொது அறுவைச் சிகிச்சையோ, இ.எஸ்.ஐ. மருத்துவமனையே செய்ய வேண்டிய இரண்டாம் நிலை சிகிச்சையாகக் கருதப்படுகிறது.

விளைவு விசித்திரமானது. இதயக் குழாய் அடைப்புக்குப் பெரிய தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுவது எளிது. குடலிறக்கத்துக்குப் பெறுவது கடினம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நிபுணர் பணியிடமோ, மயக்க மருந்து நிபுணர் பணியிடமோ காலியாக இருந்தால், நோயாளி இன்னொரு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். பரிந்துரை இன்றித் தாமாகத் தனியாரிடம் அறுவை செய்துகொண்டால், பணத்தைத் திரும்பப் பெறுவது நிச்சயமில்லை. மாதந்தோறும் சந்தா செலுத்துபவர், மிகப் பரவலான நோய்க்குக் கைப்பணம் செலவிடும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஓய்வூதியர்களின் குறை

மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம் மேலும் வசதியானது என்பது பொதுவான எண்ணம். ஆனால் அங்கும் ஒரு முடிச்சு இருந்தது. 2014இல் நிர்ணயித்த சிகிச்சைக் கட்டணங்கள், பத்தாண்டுகளுக்கு மேலாக முழுமையாகத் திருத்தப்படாமல் நீடித்தன. கட்டணம் குறைவு, நிலுவை தாமதம் என்று கூறி மருத்துவமனைகள் அட்டைதாரர்களை ஏற்கத் தயங்கின; முன்பணம் கேட்பதாக ஓய்வூதியர்கள் புகார் கூறினர். ஏறத்தாழ 2,000 சிகிச்சைகளுக்கான புதிய கட்டணங்கள் 2025 அக்டோபர் 13ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தன.

70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் அட்டை வழங்கும் திட்டம் 2024 அக்டோபர் 29ஆம் தேதி தொடங்கப்பட்டது. சி.ஜி.எச்.எஸ். உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், தங்கள் பகுதியில் எந்த அட்டையை எந்த மருத்துவமனை, எந்தத் துறைக்கு ஏற்கிறது என்பதை விசாரிப்பதே விவேகம்.

ஊரில் ஓர் அட்டை, உழைக்க ஓர் ஊர்

மும்பைத் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடும்ப அட்டையைத் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ வைத்துக்கொண்டு, வாஷியில் உழைப்பவர்கள் பலர். தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2018 முதல் பின்னது மத்தியத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது.

மத்தியத் திட்டப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம், அத்திட்டம் நடைமுறையில் உள்ள எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். மாநிலத் திட்டத்தில் மட்டும் இடம்பெற்ற குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. இரு குடும்பங்களின் கைகளிலும் இருப்பது பார்வைக்கு ஒரே மாதிரியான அட்டைதான். வேறுபாடு தெரியவருவது மருத்துவமனை வாசலில். மகாராஷ்டிரத் திட்டத்தில் சேர வேண்டுமானால், அம்மாநிலக் குடும்ப அட்டையோ குடியிருப்புச் சான்றோ தேவை. எனவே, ஆண்டுக்கணக்கில் வாஷியில் வாழ்ந்தும் ஆவணங்களை மாற்றாதவர்கள், இரு மாநிலத் திட்டங்களுக்கும் வெளியே நிற்கும் அபாயம் உள்ளது.

மருத்துவமனைகள் ஏன் தயங்குகின்றன?

தயக்கத்துக்குத் தனியாரை மட்டும் குறை கூறுவது முழு உண்மை ஆகாது. மும்பை, நவி மும்பை போன்ற இடங்களில் மனை விலையும் வாடகையும் மிக அதிகம். 20, 30 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையை நடத்தும் அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணருக்கு அன்றன்றே பணம் தர வேண்டும். அரசு தரும் தொகை குறைவு. அதுவும் எப்போது வரும் என்பது உறுதியில்லை. ஹரியாணாவில் நிலுவைத் தொகை சுமார் ரூ.500 கோடி எனக் கூறி, தனியார் மருத்துவமனைகள் 2025 ஆகஸ்டில் ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்திவைத்தது நினைவுகூரத்தக்கது.

பெரிய மருத்துவமனை, உயர் சிகிச்சைகளில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும். குடலிறக்கமும் பித்தப்பையும் மட்டுமே செய்யும் சிறு மருத்துவமனையால் தாங்க முடியாது. பொது அறுவைச் சிகிச்சையைப் பெரும்பாலும் செய்வது அத்தகைய சிறு மருத்துவமனைகள்தான் என்பதே பிரச்னையின் மையம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவில் ஏழைகளுக்கென 1965இல் உருவான மெடிக்கெய்ட் திட்டத்திலும், கட்டணம் குறைவு என்பதால் அட்டையை ஏற்காத மருத்துவர்கள் உண்டு. மாறாக, 2002இல் நாடு முழுவதையும் தன் காப்பீட்டின் கீழ் கொண்டுவந்த தாய்லாந்து, ஒவ்வொரு குடிமகனையும் அவர் பகுதி மருத்துவமனைக் குழுமத்துடன் பதிவு செய்தது. சிகிச்சைக்கு இடம் தேடும் பொறுப்பு அங்கே நோயாளிக்கு அல்ல, அந்தக் குழுமத்துக்கு. இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தணிக்கை கண்டதும், நீதிமன்றம் சொன்னதும்

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, ஆகஸ்ட் மாதம் மக்களவையில் வைக்கப்பட்டபோது, சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்த செய்தியே தலைப்பானது. பட்டியலிலுள்ள சில மருத்துவமனைகளில் குறைந்தபட்ச வசதிகள்கூட இல்லை, சில மாநிலங்களில் அட்டைதாரர்களிடம் பணம் வசூலிக்கப்பட்டது என்ற அதே அறிக்கையின் கண்டறிதல்கள் போதிய கவனம் பெறவில்லை.

1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. அவர் தனியாரிடம் ரூ.17,000 செலவிட்டுப் பிழைத்தார். அவ்வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் கூறியது. அத்தீர்ப்பு அவசர சிகிச்சையைப் பற்றியது. நெரிபடும் வரை காக்கவைக்கப்பட்ட குடலிறக்கம் அவசர சிகிச்சையாகவே முடிகிறது என்பதை மறந்துவிடலாகாது.

நோயாளி செய்யக்கூடியது

நிலைமை சீராகும் வரை நோயாளிகள் சில வழிகளைப் பின்பற்றலாம். மருத்துவமனைக்குச் செல்லுமுன் மகாராஷ்டிரத் திட்டத்தின் 155388 என்ற எண்ணிலோ, மத்தியத் திட்டத்தின் 14555 என்ற எண்ணிலோ விசாரிக்க வேண்டும். "இந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "இந்த நோய்க்கான அறுவை அங்கே திட்டத்தின் கீழ் செய்யப்படுகிறதா, அரசு மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டதா?" என்றும் கேட்பது அவசியம். பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் ஆரோக்கிய மித்ரா எனப்படும் உதவியாளர் இருப்பார். முன் அனுமதி பெறுவது அவர் வழியாகவே.

அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் இன்னொரு வழி. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்து 2006 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, அவை 10 சதவீதப் படுக்கைகளை ஆதரவற்ற ஏழைகளுக்கு இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தை நலிவுற்ற பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். இதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வருமானச் சான்று போதும். அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரை அணுகிக் கேட்க வேண்டும்.

உறுப்பினர்கள் கேட்க வேண்டியது

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. எனவே, சங்கடமான கேள்வி எழும்போது மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுவதும், மாநிலம் நிதியைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆயுஷ்மான் திட்டச் செலவில் பெரும்பாலான மாநிலங்களில் 60 சதவீதம் மத்திய அரசுடையது. இ.எஸ்.ஐ. கழகத்திலும் சி.ஜி.எச்.எஸ். திட்டத்திலும் பொறுப்பு நேரடியாகவே தில்லிக்கு உரியது. கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.

நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் கைப்பணமாகச் செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது என்று அரசு கூறுகிறது. இது முன்னேற்றமே. எஞ்சியிருக்கும் பங்கில் சிறு அறுவைகளின் சுமை எவ்வளவு என்பதைத் தனித்துக் கணக்கிட்டால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும்.

பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டாத நிலை உள்ளது என்று, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் கூறியது. அறுவை, மயக்க மருந்து, மகப்பேறு நிபுணர்கள் லட்சம் பேருக்கு 20 பேராவது வேண்டும் என்றும், அவசர அறுவை இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் அது அளவுகோல் வகுத்தது. அட்டைகளின் எண்ணிக்கை அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை.

எனவே, அடுத்த முறை சுகாதாரம் குறித்து அவையில் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், எத்தனை அட்டைகள் என்பதோடு நிற்காமல், தங்கள் தொகுதியில் அட்டையை ஏற்கும் பொது அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் எத்தனை பேர், அரசுக்கென ஒதுக்கிய சிகிச்சைகளுக்கு அரசு மருத்துவமனையில் காத்திருப்பு எத்தனை நாள், திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள், மருத்துவமனைகளுக்கு நிலுவை எவ்வளவு என்று கேட்க வேண்டும். இந்த நான்கு விவரங்களையும் தொகுதிவாரியாக வெளியிட அமைச்சகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.